லயத்திலிருந்து வாடகை அறைக்கு: விடுதலையா, இடமாற்றமா?

மலையக மக்களின் நலனில் அக்கறையுள்ளோர் எனத் தம்மைக் கருதிக்கொள்வோர் அண்மைக் காலமாக ஓர் அறிவுரையைத் திரும்பத் திரும்ப வழங்கி வருகின்றனர். தோட்டத்தை விட்டு வெளியேறுங்கள். அட்டனிலோ நுவரெலியாவிலோ கொழும்பிலோ ஓர் அறையை வாடகைக்கு எடுங்கள். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். லயம் தானாகவே வெறுமையாகி அழிந்துபோகட்டும் என்பதே அவ்வறிவுரையின் சாரம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இதற்கு ஒரு துணைவாதமும் வந்து சேர்ந்தது. வீட்டுச் சந்தை வீழ்ந்து கிடக்கும் காலத்தில் வாங்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம்; வாடகைக்கு இருந்து காலம் கனியும்வரை காத்திருப்பதே அறிவுடைமை என்பது அது.

பொருளியல் பாடநூலில் இது பிழையற்ற விடையாக இருக்கலாம். ஆனால், அப்பாடநூல் கற்பனை செய்யும் மனிதர் ஏதோ ஒன்றுக்கு ஏற்கெனவே உரிமையாளர். தம் வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போவதா, வைத்துக்கொண்டே போவதா என்று அவர் கணக்குப் பார்க்கிறார். லயத்துக் காம்பராவில் வாழும் குடும்பத்திடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. கைவிடுவதற்கு மட்டும் ஒன்று உண்டு. கைவிடப்படும் அந்த ஒன்று எது, அதைக் கைவிடுவதால் இலாபமடைவோர் யார் என்பனவற்றை ஆராயாமல் ‘போங்கள்’ என்று சொல்வது எளிது. அதே அளவுக்கு எளிதானது, ‘எங்கும் போகாதீர்கள், இது நம் மண்’ என்று மேடையில் முழங்குவது. இவ்விரு அறிவுரைகளும் ஒரே தவறைச் செய்கின்றன.

லயத்தின் வாடகை

லயத்துக்கு வாடகை இல்லை என்பது பரவலான எண்ணம். மாதந்தோறும் வீட்டுக்கூலி அறவிடப்படுவதில்லை என்ற அளவில் அது உண்மையே. ஆயினும், எந்த முதலாளியும் பரம்பரை பரம்பரையாக இலவசக் கூரை வழங்கியதாக வரலாறு இல்லை. லயத்தின் வாடகை உழைப்பாகச் செலுத்தப்படுகிறது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோரைப் பிரட்டுக்களத்துக்கு எட்டிய தூரத்தில் வைத்திருப்பதற்காகவே இவ்வரிசைக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அடைந்து வாழும் குடும்பங்கள் என்பதே அவற்றின் அமைப்பு. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். சில ஆண்டுகளில் இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியபோதும் லயம் மாறவில்லை.

இக்குடியிருப்பின் அடிப்படை விதி, வேலை இருக்கும்வரை வீடு என்பதாகும். குடும்பத்தில் ஒருவரேனும் செக்ரோலில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நிர்வாகத்துக்கு எப்போதும் உண்டு. தாய் ஓய்வு பெறும் வயதை அடையும்போது, மகளைப் பெயர் பதியச் சொல்லும் நெருக்குதல் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ வந்து சேர்கிறது. உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளை கூடையைத் தோளில் மாட்டுவதற்குக் குடும்பத்தின் வறுமை மட்டும் காரணமன்று. காம்பராவின் சாவியும் காரணம். கூலியைக் குறைத்துக் கேட்க முடியாதவரிடம் வீட்டைக் காட்டி வேலையை வாங்கலாம். வேலையை எதிர்த்துப் பேசுபவரிடம் வீட்டைக் காட்டி அமைதியை வாங்கலாம். இதைவிடக் கடுமையான வாடகை நகரத்தில் எங்கும் இல்லை.

அரசும் இந்நிலைக்குப் பொறுப்பேற்க வேண்டும். 1972 முதல் 1975 வரையான நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு எல்லை வகுத்தது. அதே ஆண்டின் வாடகைச் சட்டம் நகர்ப்புற வாடகைக் குடியிருப்பாளரைக் கண்மூடித்தனமான வாடகை உயர்விலிருந்தும் வெளியேற்றத்திலிருந்தும் காத்தது. 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை விதித்து, மேலதிக வீட்டில் குடியிருந்தவர் அதைத் தமக்கே வாங்கிக்கொள்ள வழி செய்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. நாட்டின் சொத்துறவுகளையே புரட்டிப்போட்ட இந்நான்கு நடவடிக்கைகளின் முடிவில், கொழும்பில் வாடகைக்கு இருந்த எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக்காரராயின. நிலமற்ற கிராமவாசிகள் பலர் காணி பெற்றனர். லயத்தில் இருந்தவருக்குக் கிடைத்தது புதியதொரு முதலாளி மட்டுமே. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் அவற்றுக்கு நீண்டகாலக் குத்தகையாயிற்று. கம்பனிக்கு அரை நூற்றாண்டைக் கடந்த குத்தகைப் பத்திரம் இருக்கிறது. அந்நிலத்தில் ஐந்து தலைமுறையாக வாழ்ந்தவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இதன் விளைவுகள் அன்றாட வாழ்விலும் தெரிகின்றன. தனித்தனி முகவரி இல்லாத லயங்களுக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே போய்ச் சேரும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தாராளமாகச் சேவை செய்வதைத் தடுத்து நின்றது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018இலேயே வந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் வாக்குக் கேட்டு மட்டும் சபை உறுப்பினர்கள் லயத்துக்கு வந்துபோயினர்.

ஆகவே, லயத்தை விட்டு வெளியேற விரும்புவது முற்றிலும் நியாயமான விருப்பமே. எங்கே, எதனைப் பணயமாக வைத்து வெளியேறுவது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது.

நகரத்தின் வாடகை

வீட்டுச் சந்தை வீழ்ந்தால் வாடகைக்காரருக்குக் கொண்டாட்டம் என்ற எண்ணத்தை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதே மாதத்தில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். சீமெந்தின் விலை பன்மடங்காக ஏறியது. வீட்டுக் கடன் எட்டாக்கனியாயிற்று. பாதி கட்டிய சுவர்கள் பாசி படிந்து நின்றன. இத்தகைய வீழ்ச்சியில் விற்பனை நிற்கிறது, கட்டுமானம் நிற்கிறது. குடியிருக்க இடம் தேடும் மக்கள் மட்டும் நிற்பதில்லை. கட்டவிருந்தவரும் வாடகைக்கு வருகிறார், வாங்கவிருந்தவரும் வாடகைக்கு வருகிறார். சம்பளம் மிகக் குறைந்தவர் அவ்வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

நுவரெலியாவின் நிலை இன்னும் வேறுபட்டது. அந்நகரின் அறை வாடகையை நிர்ணயிப்பவர் நகரவாசியல்லர். ஏப்ரில் வசந்த காலத்தில் வந்துபோகும் உல்லாசப் பயணியே ஆவார். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். கொள்ளைநோய்க் காலமான 2021இல் அத்தொகை 2 இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. பயணிகள் வராத காலத்தில் வெறுமையாகக் கிடக்கும் அறை, மாத வாடகைக்கு ஆளைத் தேடுகிறது. பயணிகள் திரும்பியதும் அதே அறை நாள் வாடகையைக் கனவு காண்கிறது. எழுத்தில் உடன்படிக்கை இல்லாத மாத வாடகைக்காரரே அப்போது முதலில் வெளியேறுகிறார். சந்தையின் இறக்கத்தில் உள்ளே அழைக்கப்பட்டவர் ஏற்றத்தில் வெளியே தள்ளப்படுவது தற்செயலன்று. அது வாடகைச் சந்தையின் இயல்பு.

இனி, கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் சம்பளச் சபையின் ஊடாக நிர்ணயிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு வீதத்தில் மாதம் 25 நாளும் முழுப்பெயர் விழுந்தால் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதமான 2,700 ரூபா கழிந்தால் மிஞ்சுவது 31,050 ரூபா. நகரத்தில் ஓர் அறைக்கு மாதம் 15,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், கையில் எஞ்சுவது 16,050 ரூபா. வீட்டுக்காரர் ஆறு மாத முற்பணம் கேட்டால் அது 90,000 ரூபா. அதாவது, அரிசியும் மாவும் வாங்காமல் உழைக்க வேண்டிய ஏறத்தாழ 67 நாட்களின் மொத்தக் கூலி. மழை நாளும் அரைப்பெயர் நாளும் நோய் நாளும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. நகரத்துக் கடையிலோ பிறர் வீட்டுச் சமையலறையிலோ கிடைக்கும் வேலைக்குச் சேமலாப நிதியும் பெரும்பாலும் இல்லை.

பிள்ளைகளின் கல்விக்காகவே நகரத்துக்குப் போவதாகப் பலர் கூறுவர். அந்நோக்கம் போற்றத்தக்கது. எனினும், அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் சுற்றுநிருபத்தைப் படித்தவர் அறிவர்: பாடசாலையை அண்மித்து வசிப்போர் என்ற பிரிவில், வதிவிடத்தை நிரூபிக்கும் ஆவணங்களுக்கே புள்ளிகள். சொந்தக் காணி உறுதிக்கு அதிக புள்ளி. பதிவுசெய்த குத்தகைக்குக் குறைந்த புள்ளி. வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது என்பதற்கும் புள்ளி. வாய்மொழி உடன்பாட்டில் அறை எடுத்த குடும்பம் பாடசாலை மதிலுக்கு அருகில் வாழ்ந்தாலும் தொலைவில் வாழ்வதாகவே கணிக்கப்படும். உறுதிக்காகக் காத்திராமல் பள்ளிக்கூடத்தைத் தேடி வந்தவரிடம், பள்ளிக்கூட வாசலில் வைத்து மறுபடியும் உறுதியே கேட்கப்படுகிறது.

முன்னர் பெயர்ந்தோர்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. சந்தை வீழும்போதெல்லாம் மலையகத் தொழிலாளி தனி வளை இல்லாமலேயே இடம் பெயர்ந்திருக்கிறார் என்பதற்கு வரலாறு சான்று. கோப்பி வீழ்ந்தபோதும், 1930களின் உலகப் பெருமந்தத்தில் தேயிலையின் விலை சரிந்தபோதும், கூலி வெட்டப்பட்டது. வேலை இழந்தோர் கடல் கடந்து திரும்பினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் எதிர்காலம், 1964இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்களாகப் பங்கிடப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். போவதா, இருப்பதா என்று குடும்பம் முடிவு செய்யுமுன்னரே இரு அரசுகள் முடிவு செய்துவிட்டன.

அவ்வாறு போனோருக்கு என்ன கிடைத்தது? தாயகம் திரும்பியோருக்கு வேலை வழங்கும் நோக்கோடு தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1975இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். மீண்டும் வரிசை வீடுகளில் குடியேறினர். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற அதே விதி அங்கும் காத்திருந்தது. நட்டத்தைக் காரணம் காட்டி, 2022இல் அக்கழகம் 2,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டபோது, அந்நிலத்தில் அரை நூற்றாண்டு உழைத்தோர் தம் கூரையைப் பற்றி மறுபடியும் அஞ்ச நேர்ந்தது. கடலைக் கடந்தும் லயத்தின் விதியைக் கடக்க முடியவில்லை.

வடக்கே சென்றோரின் கதையும் இதற்கு வேறானதன்று. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. அதன் பின்னரும், 1977ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின்னரும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்களில் பலர், போரின் எல்லா இடப்பெயர்வுகளையும் தாங்கிய பின்னரும், காணி அனுமதிப்பத்திரத்துக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினர். இனத்தால் ஒன்றுபட்ட மண்ணிலும் உறுதி இல்லாதவர் இரண்டாம்தரக் குடியாகவே கருதப்பட்டார் என்பது தமிழ்ச் சமூகம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

மூன்று திசைகளில் நடந்த இப்பெயர்வுகள் ஒன்றையே உணர்த்துகின்றன. இடம் மாறுவதால் நிலை மாறுவதில்லை. புறப்பட்ட இடத்தில் உரிமை இல்லாதவர், போய்ச்சேர்ந்த இடத்திலும் உரிமை இல்லாதவராகவே இருந்தார்.

‘இருங்கள்’ என்போர்

இதனைக் கேட்டவுடன், ‘பார்த்தீர்களா, அதனால்தான் தோட்டத்தை விட்டுப் போகாதீர்கள் என்கிறோம்’ என்று எழுந்து நிற்போர் உண்டு. மண்ணின் பெருமையையும் முன்னோரின் வியர்வையையும் இவர்கள் விரிவாகப் பேசுவர். பேசி முடித்ததும் நகரத்திலுள்ள தம் வீட்டுக்குத் திரும்பிவிடுவர். தொழிலாளர் தொகை குறைந்தால் சந்தாவும் குறையும், வாக்கும் சிதறும் என்ற கவலை இப்பெருமிதத்தின் பின்னால் நிற்பதை மக்கள் அறியாதவரல்லர்.

மண்ணுக்காக உண்மையிலேயே நின்றவர் சிவனு லெட்சுமணன். நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகள் வெளியாருக்குப் பங்கிடப்படுவதை எதிர்த்து 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் திரண்ட தொழிலாளர்மீது பொலிசார் சுட்டபோது அவ்விளைஞர் உயிரிழந்தார். அக்காணியில் தொழிலாளிக்கு உரிமை வேண்டும் என்பதே அப்போராட்டத்தின் உட்பொருள். அவரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்துகொண்டே, உரிமை இல்லாமல் இருந்தாலும் லயத்திலேயே இருங்கள் என்பது அவர் நினைவுக்குச் செய்யும் மரியாதையாகாது.

இருப்பதிலும் உயிராபத்து உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு நிலம் வழங்கப்படவில்லை. 2020 ஆகஸ்டில் கேரளத்தின் மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கும் மண்ணுக்குள் புதைந்தோர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய பெருமழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகள் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டன. இத்தகைய சரிவின் அடியில் வாழும் குடும்பத்திடம் மண்ணின் பெருமை பேசுவது கொடுமை. அக்குடும்பம் இன்றே பெயர வேண்டும். ஆனால், பாடசாலை மண்டபத்தில் சில வாரம், உறவினர் வீட்டில் சில மாதம், பின்னர் சொந்தச் செலவில் வாடகை அறை என்பது மீள்குடியேற்றமாகாது. அரசும் கம்பனியும் சுமக்க வேண்டிய செலவை அது குடும்பத்தின் தலையில் இறக்கி வைக்கிறது.

‘போங்கள்’ என்போரும் ‘இருங்கள்’ என்போரும் சந்திக்கும் இடம் இதுவே. போனாலும் இருந்தாலும் விலை கொடுப்பது குடும்பம் மட்டுமே என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

உறுதியும் உரிமையும்

லயத்தை விட்டுப் போகும் குடும்பம் கைவிடும் அந்த ஒன்று எது என்பதை இப்போது தெளிவாகக் கூறலாம். அது காம்பராவின் நான்கு சுவர்களன்று. அத்தோட்டத்து நிலத்தில் ஒரு துண்டு தனக்கு உரியது என்று கேட்கும் தகுதியே அது. 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் தோட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டன. இவற்றின் பட்டியலில் இடம் பெறுவதற்கு ஒருவர் தோட்டத்தோடு தொடர்புடையவராக அடையாளம் காணப்பட வேண்டும். நகரத்தில் அறை எடுத்து, செக்ரோலிலிருந்து பெயர் நீங்கி, காம்பராவையும் ஒப்படைத்தவரை எந்தப் பட்டியல் தேடிவரும்? தலைமுறைகளின் உழைப்பால் விளைந்த உரிமைக் கோரிக்கையை, ஆறு மாத முற்பணத்தோடு சேர்த்து அவர் செலுத்திவிடுகிறார். ஒழிந்த காம்பராவும் கோரிக்கையற்ற நிலமும் கம்பனியின் கணக்கில் இலாபமாகச் சேருகின்றன. லயம் தானாக வெறுமையாகட்டும் என்று வாழ்த்துவோர், நட்டஈடு எதுவுமின்றி நிலத்தை விடுவித்துக்கொடுக்கும் பணியையே அறியாமற் செய்கின்றனர்.

வேலையிலிருந்து வீட்டைப் பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பர் சிலர். தனியுடைமையின் தாயகமான இங்கிலாந்தே அதைச் செய்திருக்கிறது. பண்ணைத் தொழிலாளியின் வேலையோடு கட்டப்பட்டிருந்த குடிசைகளில், வேலை போனாலும் குடியிருக்கும் பாதுகாப்பை 1976ஆம் ஆண்டின் வேளாண் வாடகைச் சட்டம் வழங்கியது. பண்ணையாளருக்கு அவ்வீடு மீண்டும் தேவைப்படுமாயின், வெளியேறுவோருக்கு மாற்று வீடு தேடித்தர முயலும் கடமை உள்ளூராட்சி அமைப்பின்மீது சுமத்தப்பட்டது. அதனால் அந்நாட்டின் வேளாண்மை அழிந்துவிடவில்லை. லயத்தை இந்நாட்டுக்கு அறிமுகப்படுத்திய பிரித்தானியரே தம் நாட்டில் தளர்த்திய விதியை, இங்கு காப்பாற்றி வைத்திருப்பது யாருடைய நலனுக்காக?

காணியைப் பங்கிட்டால் தேயிலை அழியும் என்பது அடுத்த வாதம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் கொண்டது. இரண்டு இலட்சம் குடும்பங்களுக்குத் தலா 7 பேர்ச்சஸ் வழங்கினாலும் தேவைப்படுவது 8,750 ஏக்கர். இலங்கையின் தேயிலை நிலம் ஏறத்தாழ 2 இலட்சம் ஹெக்டேயர். அதாவது, 5 இலட்சம் ஏக்கரை அண்மித்தது. கேட்கப்படுவது அதில் இரண்டு வீதத்துக்கும் குறைவு. அதிலும், கைவிடப்பட்டுப் புல் மண்டிய நிலமும் லயங்கள் நிற்கும் நிலமும் தேயிலை நிலமல்ல.

உறுதி கொடுத்தால் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது கடைசி வாதம். இதுவே மிக ஆழமான அவமதிப்பு. யாழ்ப்பாணத்தில் காணி உள்ளவர் அதை விற்று வெளிநாடு செல்கிறார். கண்டியில் காணி உள்ளவர் அதை ஈடு வைத்துக் கொழும்பில் கடை தொடங்குகிறார். அவர்களிடம் எவரும் நன்னடத்தைப் பத்திரம் கேட்பதில்லை. விற்கவும், ஈடு வைக்கவும், வாடகைக்கு விடவும், பூட்டி வைத்துவிட்டுப் போகவும் முடிவதற்கே உடைமை என்று பெயர். போகும் உரிமையும் உறுதியில் அடங்கும். உறுதி உள்ள குடும்பம் அட்டனில் வாடகைக்கு இருந்தால் அது ஒரு தெரிவு. தோற்றால் திரும்பிவர ஓர் இடம் உண்டு. உறுதி இல்லாத குடும்பம் அதே அறையில் இருந்தால் அது ஒரு சூதாட்டம். தோற்றால் தெருவைத் தவிர வேறு இடமில்லை.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து பெறப்படும் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, காணி உறுதி வேலையோடு எவ்வகையிலும் பிணைக்கப்படாமல், விற்கவும் ஈடு வைக்கவும் தக்க முழு உரிமையோடு வழங்கப்பட வேண்டும். வீட்டைக் கொடுத்துவிட்டு உறுதியைத் தாமதிப்பது லயத்துக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். இரண்டாவது, அவ்வுறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். கொழுந்து பறித்துத் தோட்டத்தைத் தாங்கிய பெண்ணின் பெயர் செக்ரோலில் மட்டும் இருந்து உறுதியில் இல்லாமற் போவது அநீதி. மூன்றாவது, வேலைக்காகவோ கல்விக்காகவோ மண்சரிவுக்கு அஞ்சியோ நகரத்தில் வாடகைக்குச் சென்ற குடும்பங்கள் வீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்படலாகாது. சென்ற காலத்தில் விடுபட்டோரும் சேர்க்கப்பட வேண்டும். நான்காவது, நகரத்து மாத வாடகைக்காரருக்கு எழுத்து உடன்படிக்கையும் முற்பணத்துக்கு எல்லையும் சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும்.

இன்று முடிவெடுத்தே ஆக வேண்டிய குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. மலை வெடித்திருந்தால் உடனே பெயருங்கள். பிள்ளையின் படிப்புக்காகப் போவதானாலும் போங்கள். ஆனால், காம்பராவை ஒப்படைத்து எதிலும் கையொப்பமிடுமுன், குடியிருப்புக்கும் வேலைக்குமான ஆதாரங்கள் யாவற்றையும் திரட்டிக் கைவசம் வையுங்கள். வீட்டுக்காரரிடம் உடன்படிக்கையை எழுத்தில் கேளுங்கள். தோட்டத்தில் எஞ்சியிருப்போரோடு சேர்ந்து கோரிக்கையை விடாமல் எழுப்புங்கள். வாடகைக் குடியிருப்பு ஒரு தங்குமிடமாக இருக்கலாம். உரிமையைத் துறந்ததற்கான சான்றாக அது மாறிவிடக் கூடாது.

பல்கலைக்கழகத்துக்கு வரும் மலையக மாணவர் பலருக்கு விடுதி அறைதான் வாழ்வில் முதன்முதலாகக் கிடைத்த தனிக்கட்டில். பட்டம் பெற்று, நகரத்தில் அறை எடுத்து, லயத்தை மறப்பது அவர்களுக்கு இயலும். சமூகம் அதை முன்னேற்றம் என்றே பாராட்டும். மலையகம் இருநூறு ஆண்டுகளை நிறைவுசெய்ததை முன்னிட்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். இலங்கை மண்ணில் கால்வைத்த முன்னோர் நடந்த வழி அது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் ஒரு முகவரிக்காக நடந்துகொண்டிருக்கின்றனர். தமிழ்ச் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் யார் எத்தனை தலைமுறையாக வாழ்கின்றனர், யார் எப்போது வாடகைக்குப் பெயர்ந்தனர், யாரிடம் உறுதி இருக்கிறது, யாரிடம் இல்லை என்ற விவரங்களை லயம் லயமாகச் சென்று எழுதித் தொகுக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர் தம் தோட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். காணி அலுவலகத்தின் மேசையில் வைப்பதற்கு அப்போது பேச்சுக்குப் பதிலாகப் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கும்.